கறுப்பு நூல் போட்ட விரிப்பு

நீங்கள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்ததுண்டா? உங்கள் முதுகுக்குக் கீழே கிடந்த விரிப்பில் உங்களுக்கு முன்னால் படுத்தவர் எழுந்து வீட்டுக்குப் போனாரா, எழுந்திருக்காமலே போனாரா? தெரியாதல்லவா? தெரியாமல் நன்றாகத்தானே தூங்கினீர்கள்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒரு மருத்துவமனையின் தனியறையில் இதே கேள்வியை ஒருவர் உரக்கக் கேட்டார். அதற்குப் பதில் தேடப் போய், கடைசியில் ஒரு பெண்ணின் கையில் கறுப்பு நூல்கண்டு ஒன்று வந்து சேர்ந்தது. கதை அந்தப் பெண்ணைப் பற்றியது.

அந்த மருத்துவமனையின் துணிகளைத் துவைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் அவருடைய தம்பியிடம் இருந்தது. தம்பியின் சலவைக்கூடத்தில் கிழிந்த துணிகளைத் தைப்பது அக்காவின் வேலை. கூடத்தில் அவருக்குக் 'கிழிசலக்கா' என்று பெயர். யார் தன் தையலறைக்குள் நுழைந்தாலும் நிமிர்ந்து பார்க்காமல், "எங்க கிழிசல்?" என்று கையை நீட்டுவார். இஸ்திரி உருளையில் நிற்கும் பெண் ஒருநாள், "எங்கயும் கிழியலக்கா, சாப்பிடக் கூப்பிட வந்தேன்" என்றாள். அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

"பேர் வெச்சவ வாய்தான் காது வரைக்கும் கிழிஞ்சிருக்கு. இப்படி வா, சும்மாவே தைச்சு விடுறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா சாப்பிடப் போனார்.

சலவைக்கூடத்தின் நடுவே ஒரு சுவர் ஓடியது. சுவரில் பதித்திருந்த பெரிய எந்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவுகள். ஒன்று அழுக்குப் பக்கம், ஒன்று சுத்தப் பக்கம். ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. தொற்று நோயாளிகளின் துணி சிவப்புப் பையில் வரும். யார் கையும் படாமல் பையோடு உள்ளே போகும். கொதிக்கும் வெந்நீரில் சுழன்று அலசி, மறுபக்கக் கதவு வழியாக வெளியே வரும்போது அதில் ஒரு கிருமியும் உயிரோடு இராது. அழுக்குப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வரவேண்டுமென்றால் உடுப்பு மாற்றி, கைகால் கழுவி, வெளியே சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். தம்பி ஒருமுறை அவசரத்தில் குறுக்கே நுழையப் பார்த்தான். "முதலாளின்னா கிருமி எழுந்து நின்னு வழிவிடுமா? சுத்தி வாடா" என்று அக்கா திருப்பி அனுப்பினார்.

அக்காவின் அறை சுத்தப் பக்கத்தின் கோடியில் இருந்தது. மேசையின் மேல்பலகை கண்ணாடி. அதற்கடியில் ஒரு குழல்விளக்கு. விரிப்பை அதன்மேல் இழுத்தால் ஓட்டைகளெல்லாம் பல்லிளிக்கும். நடுவில் நைந்து போன விரிப்பை நீளவாக்கில் வெட்டி, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து தைத்தால் இன்னொரு ஆயுள் ஓடும். அதுவும் தேய்ந்தால் கட்டிலின் குறுக்கே போடும் அரை விரிப்பு. பிறகு தலையணை உறை. கடைசியில் தரை துடைக்கும் துணி. "நம்மள மாதிரி இல்லடி. இதுக்கு வயசாக ஆக வேலை கூடுது, பதவி குறையுது" என்பார். இஸ்திரிப் பெண் சிரிக்காமல், "நம்மள மாதிரியேதான் இருக்கு" என்பாள்.

விரிப்புகளின் மூலையில் அடையாளத் தையல் போடுவதும் அவர்தான். தனியறைக்கு நீலம், அறுவை அரங்குக்குப் பச்சை, பொது வார்டுக்கு மஞ்சள். துணி எந்தத் தளத்துக்குப் போகவேண்டும் என்று வண்டியில் ஏற்றுபவருக்குத் தெரிவதற்காக மட்டும்தான் அந்த நிறம்.

அக்காவின் கணவர் அந்த வண்டியை ஓட்டியவர். காய்ச்சல் என்று படுத்தார். அது நெஞ்சில் இறங்கிவிட்டது. அதே மருத்துவமனையின் பொது வார்டில் இறந்தார். துக்கம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பிய சில நாட்களில், அவர் கிடந்த விரிப்பு கண்ணாடி மேசைக்கு வந்தது. கால்மாட்டில் பிறை வடிவத்தில் ஓர் ஒட்டுத்துணி. கட்டிலின் திருகாணி மாட்டிக் கிழித்த இடத்தில் அக்காவே போட்டது. அந்த வடிவத்தில் வேறெதற்கும் போட்டதில்லை. இஸ்திரிப் பெண் ஓடிவந்து, "அதைத் தனியா எடுத்து வெச்சிரலாமாக்கா?" என்றாள்.

அக்கா விரிப்பை விளக்கின்மேல் நான்கு பக்கமும் இழுத்துப் பார்த்தார். பிறை இருந்தது. மற்றபடி வெறும் பருத்தி. முகத்தருகே கொண்டுபோனார். சோப்பு வாசம், கொஞ்சம் இஸ்திரிச் சூடு. அவர் தேடிய மனிதர் அதில் இல்லை.

"கிழிசல் இல்ல" என்று மடித்து அடுக்கில் வைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து வார்டு ஆயா வந்தபோது அக்கா கேட்டார்: "பிறை போட்ட விரிப்புல யாரு படுத்தது?"

"குடல்வால் அறுத்த பொண்ணு ஒண்ணு. நேத்து வீட்டுக்குப் போயிருச்சு."

"நல்லாத் தூங்குச்சா?"

"தூங்குச்சாவா? அது விட்ட குறட்டையில பக்கத்துக் கட்டில்காரி சண்டைக்கே போயிட்டா!"

கணவர் போன பிறகு அக்கா சிரித்தது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க கிழிசல்?" என்று கையை நீட்டினார்.

இப்போது அந்தத் தனியறைக்கு வருவோம். வசதியான குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அங்கே படுத்திருந்தார். உடனிருந்த மருமகன், விரிப்பு மாற்ற வந்த ஆளிடம், "இதுல யாராவது செத்திருக்காங்களாப்பா?" என்று கேட்டார். அந்த ஆளுக்கு நாக்கில் எலும்பு கிடையாது. "ஆஸ்பத்திரின்னா நாலு பேர் சாகத்தான் செய்வாங்க சார். அதுக்கு ஆளுக்கொரு விரிப்பா வாங்க முடியும்?" என்றுவிட்டார். மருமகன் போட்ட கூச்சலில் மாடியே திரண்டது. மாலைக்குள் பெரியவரை வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் அது. மருத்துவமனை நிர்வாகி புதிதாக ஒரு ஷரத்து சேர்த்தார். தனியறையில் நோயாளி இறந்தால் அந்த விரிப்பின் மூலையில் கறுப்பு நாடா கட்டி அனுப்புவார்கள். நோயாளி இறந்த விரிப்பு ஒவ்வொன்றிலும் சலவைக்காரர் கறுப்பு நூலில் பெருக்கல் குறி தைக்கவேண்டும். குறி போட்டது தனியறைக்குத் திரும்பக் கூடாது. வீணாக்கவும் கூடாது; பொது வார்டுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

தம்பி தலையாட்டிவிட்டு வந்தான். கறுப்பு நூல்கண்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அக்கா நூலை விளக்கின்மேல் உருட்டினார். "ஏன்டா, பொது வார்டுல படுக்கிறவனுக்கு உயிர் கெட்டியா? சாவு அவனைத் தொடாதா?"

"அக்கா, அவங்க துணி, அவங்க கட்டில். நமக்கு எதுக்கு வம்பு?"

"என் கையால தைக்கச் சொல்றியே, அப்ப வம்பு நம்ம வீட்டுக்கே வந்தாச்சே."

"பட்டணத்துக் கம்பெனி வாசல்ல வந்து நிக்குது. நாம மாட்டோம்னா நாளைக்கே அவன் வண்டி வரும். நமக்கு இருக்கிறது இந்த ஒரு ஆஸ்பத்திரி. இது போச்சுன்னா இந்த எந்திரமெல்லாம் வெறும் இரும்பு. கூடத்துல இருக்கிற அத்தனை பேர் அடுப்பும் அணையும். நீ பேசுறது நியாயம்தான், யாரு இல்லைன்னது? நியாயத்தை உலையில போட்டா வேகுமா?"

அக்கா கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்தார். இஸ்திரி உருளையின் ஆவியில் அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளைகளின் படிப்பு அந்த உருளையில்தான் சுழன்றது.

"சரி, வை" என்றார் அக்கா.

கறுப்பு நாடாவோடு விரிப்புகள் வந்தன. அக்கா நீலத்தைப் பிரித்து மஞ்சளைத் தைத்தார். பக்கத்தில் கறுப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டார். மூடநம்பிக்கை கோயில் குளத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அது கோப்பில் ஏறும், முத்திரை வாங்கும், கூலி கொடுத்துத் தைக்கச் சொல்லும். அப்புறம் தன் பயத்தை மடித்து, ஏழையின் கட்டிலில் கொண்டுபோய் விரிக்கும்.

சில வாரங்கள் போயின. அழுக்குப் பக்கத்தில் ஆள் குறைந்த ஒருநாள், பொது வார்டிலிருந்து வந்த துணியைப் பிரிக்க அங்கே போனபோது ஒன்று அக்காவின் கண்ணில் பட்டது. ஆள் படுத்த விரிப்பு கசங்கித்தான் வரும். வியர்வையும் கஞ்சிக்கறையும் இருக்கும். கறுப்புக் குறி போட்டவை அப்படி வரவில்லை. இஸ்திரி மடிப்பு அப்படியே நிமிர்ந்து நின்றது. கட்டிலில் விரித்திருக்கிறார்கள்; யாரும் படுக்கவில்லை.

"அப்ப எதுமேல படுக்கிறாங்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டவர், தம்பியிடம் சொல்லாமல், துணி ஏற்றிய வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து மருத்துவமனைக்குப் போனார்.

பொது வார்டு நீளமான அறை. மேலே மின்விசிறிகள் காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகக் கொடுத்தன. சன்னலோரக் கட்டிலில் விரிப்பைச் சுருட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, வெறும் ரெக்சின் மெத்தையில் ஒருவர் ஒருக்களித்துக் கிடந்தார். தொழில் கொத்தனார், குடலிறக்க அறுவை முடிந்திருந்தது.

"ஏன் அண்ணே விரிப்பை எடுத்துட்டீங்க?"

"மூலையப் பாரும்மா. அது எமன் போட்ட கையெழுத்தாம். மாடியில செத்தவங்க துணியாம். ஆயா சொல்லிச்சு."

"ரெக்சின் சுடலையா?"

"சுடாம? முதுகு ஒட்டிக்கிச்சு. எந்திரிக்கும்போது தோசை மாதிரி உரிச்சுத்தான் எடுக்கணும். தையல் வேற போட்டிருக்கு, திரும்பிப் படுத்தா உயிர் போகுது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆமா, நீங்க யாரும்மா?"

"அந்தக் கையெழுத்தைத் தைக்கிறது நான்தான்."

கொத்தனார் வலியோடு சிரித்தார். "அப்ப எமன் ஆபீசுல குமாஸ்தாவா நீங்க?"

அக்காவும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"யோசிச்சா வேடிக்கையாத்தான் இருக்கு" என்றார் கொத்தனார். "நான் கட்டின வீட்டுல எல்லாம் எத்தனை பேர் செத்திருப்பாங்க. அந்த வீட்டை எவனாவது ஏழைக்கு எழுதிக் கொடுத்தானா? சுண்ணாம்பு அடிச்சுட்டு அவனேதான் குடியிருக்கான்."

"இவ்வளவு தெரியுது. அப்புறம் ஏன் படுக்க மாட்டேங்கிறீங்க?"

"தெரியுது. ஆனா வயித்தைக் கிழிச்சுப் போட்டிருக்கிற நேரத்துல பயமா இருக்கும்மா."

அக்கா பக்கத்துக் காலிக் கட்டிலில் கிடந்த சாதாரண விரிப்பு ஒன்றை ஆயாவிடம் கேட்டு வாங்கி, அவரோடு சேர்ந்து கொத்தனாரின் கட்டிலில், அவரைப் புரட்டாமல் அடியில் நுழைத்து விரித்தார். மூலையில் மஞ்சள் மட்டும். கொத்தனார் மல்லாந்து படுத்து, "அப்பாடா" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அந்த 'அப்பாடா' அக்காவின் காதில் இருந்தது. அந்த விரிப்பு பல ஆண்டுகளாக வார்டில் புழங்கியது. அதில் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? நாடா கட்டும் வழக்கம் இப்போது வந்தது. சாவு இப்போதா வந்தது?

மறுநாள் காலையில் கண்ணாடி மேசையில் வந்து விழுந்த விரிப்பு ஒன்று விடாமல் கறுப்புப் பெருக்கல் குறி ஏறியது. தனியறை நீலத்துக்குப் பக்கத்தில், அறுவை அரங்குப் பச்சைக்குப் பக்கத்தில், பொது வார்டு மஞ்சளுக்குப் பக்கத்தில். நாடா இருந்ததா என்று பார்க்கவே இல்லை.

இஸ்திரிப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, எல்லாத்துக்கும் போடுறீங்க?"

"ஷரத்துல இருக்குடி. செத்தவங்க படுத்ததுக்கு எல்லாம் போடணுமாம். பழைய விரிப்புல எதுலடி சாகலை?"

அவள் இன்னொரு ஊசியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

தம்பிக்குத் தெரிந்தபோது வண்டிகள் போய்விட்டிருந்தன. தலையில் கைவைத்துக்கொண்டான். "என் தலையில கல்லைப் போட்டுட்டியேக்கா!"

"கல்லு இல்லடா, நூலு. தேவைன்னா பிரிச்சுக்கலாம்."

நிர்வாகியின் அழைப்பு வரத் தாமதமாகவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் தன் அறைச் சோபாவில் மருத்துவமனை விரிப்பு ஒன்றைப் போட்டுக் கண்ணயர்ந்திருந்தார். எழுந்து பார்த்தால் கன்னத்துக்குப் பக்கத்தில் கறுப்புப் பெருக்கல் குறி.

"என்னம்மா இது? ஆஸ்பத்திரியையே சுடுகாடாக்கி வெச்சிருக்கீங்க?" அக்காவும் தம்பியும் உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்தார்.

"நோயாளி இறந்த விரிப்புல குறி போடணும்னு நீங்கதானே சார் எழுதினீங்க? நாடா கட்ட ஆரம்பிச்சது இப்போ. அதுக்கு முன்னாடி இங்க யாரும் சாகலையா?"

நிர்வாகி மேசைமேல் இருந்த ஒப்பந்தத்தைப் புரட்டினார்.

"எந்த விரிப்புல யாரும் சாகலைன்னு காட்டுங்க. அதுல மட்டும் பிரிச்சுடுறேன்."

"தனியறைக்காரங்க கேக்குறாங்கம்மா. நான் என்ன பதில் சொல்றது?"

"வெந்நீர்ல வெந்து வந்ததுன்னு சொல்லுங்க. நம்பலைன்னா எங்க கூடத்துக்குக் கூட்டிட்டு வாங்க, காட்டுறோம். சார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். செத்தவங்க துணியில ஒட்டிக்கிட்டு இருப்பாங்கன்னு நீங்க நம்புறீங்களா?"

"சேச்சே, நான் எங்கம்மா நம்புறேன்!"

"நம்பலைன்னா குறி எதுக்கு? நம்புறீங்கன்னா, அதைக் கொண்டுபோய் இன்னொரு மனுஷன் முதுகுக்கு அடியில போடச் சொல்ல மனசு எப்படி வந்துச்சு? கீழ ஒரு கொத்தனார் தோல் உரிய ரெக்சின்ல கிடந்தாரு. எங்க வீட்டுக்காரரும் அந்த வார்டுலதான் போனாரு. அவர் விரிப்பை நானே மடிச்சு அனுப்பினேன். அதுல படுத்த பொண்ணு குறட்டை விட்டுத் தூங்கிட்டு வீட்டுக்குப் போச்சு."

தம்பி தரையைப் பார்த்தபடி நின்றான். அவன் காலடியில் கூடமே ஊசலாடுவதுபோல இருந்திருக்க வேண்டும். பிறகு நிமிர்ந்தான்.

"சார், அக்கா கேக்காம செஞ்சது தப்பு. அதுக்கு நான் பொறுப்பு. ஆனா அந்த ஷரத்து இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தார். சின்ன வயதில் பல் விழுந்ததை முதன்முதலாக வந்து காட்டியபோது எப்படிப் பார்த்தாரோ, அப்படி.

நியாயம் ஜெயித்தது என்று இங்கே மணியடித்து முடிக்க முடியாது. ஷரத்து நீங்கியது; எல்லா விரிப்பிலும் குறி ஏறிவிட்ட பிறகு, அத்தனையையும் கழித்துவிட்டுப் புதிது வாங்க மருத்துவமனைக்கு வழி இல்லை. ஆனால் தனியறைத் துணி மட்டும் பட்டணத்துக் கம்பெனிக்குப் போய்விட்டது. தனியறைகளில் இன்றும் ஆட்கள் இறக்கிறார்கள். அந்தக் கம்பெனியும் அவர்கள் படுத்த விரிப்பையே துவைத்து, குறி எதுவும் போடாமல், அதே அறைக்கே அனுப்புகிறது. யாரும் கேட்பதில்லை. பொது வார்டும் அறுவை அரங்கும் தம்பியிடமே இருக்கின்றன. ஓர் எந்திரம் பாதி நாள் சும்மா நின்றது. அக்காவின் கணவருக்குப் பிறகு வண்டி ஓட்ட வந்தவர் வேறு வேலைக்குப் போனார்; தம்பியே வண்டி ஓட்டினான். கொஞ்ச நாள் அக்காவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

அக்கா தன் மேசையில் கறுப்பு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். போட்டதைவிடப் பிரிப்பது மெதுவான வேலை. ஒருநாள் தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். அக்கா நிமிராமல், "எங்க கிழிசல்?" என்று கையை நீட்டினார்.

"இங்கதான்" என்று அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "தைக்க வேணாம். பிளேடு இருந்தா கொடு, நானும் பிரிக்கிறேன்."

"கை கழுவிட்டு, சுத்தித்தானே வந்த?"

"சுத்தித்தான் வந்தேன் தாயே."

இருவரும் பிரித்தார்கள். நூல் போன இடத்தில் ஊசித்துளைகள் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தன. தம்பி விரலால் தடவிப் பார்த்தான். "தடம் நிக்குதேக்கா."

"ரெண்டு சலவை போனா மூடிக்கும். பருத்தி அதெல்லாம் ஞாபகம் வெச்சுக்காது. நாமதான் வெச்சுக்கிறோம்."

கொத்தனார் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அவர் கடைசியாகப் படுத்திருந்த விரிப்பு நன்றாகக் கசங்கி வந்தது.

அடுத்த முறை நீங்கள் மருத்துவமனைக்குப் போகும்போது, விரிப்பில் யார் செத்தார் என்று கேட்காதீர்கள். துவைத்ததா, காய்ந்ததா, கிழியாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுத் தனியறையோடு திரும்பிவிடவும் வேண்டாம். பொது வார்டுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். அங்கே யாராவது வெறும் ரெக்சினில் கிடந்தால், விரிப்பு வந்து அவர் முதுகுக்குக் கீழே விழும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.